ஒன்பதாம் எண் கண்

வினிபெக்கில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மருத்துவமனையின் அடித்தளத்தில், மூன்றாவது கதவுக்குப் பின்னால்
பன்னிரண்டு கண்களுக்கு நான் உள்பூச்சு பூசுகிறேன்.

முன்பு பேரங்காடியில் நகம் பூசினேன்.
தூரிகை அதேதான், மூன்றே மயிர்.
சுண்டுவிரல் நகத்தில் செர்ரிப் பூ வரைந்த கை
இப்போது பிளாஸ்டிக் கிண்ணத்தின் அடியில்
நாளங்களை ஓட விடுகிறது.
தமனிக்கு ஒரு சிவப்பு,
சிரைக்கு அதைவிடக் கறுத்த சிவப்பு.

முதல் கண்ணுக்குச் சர்க்கரை வியாதி.
நான்காவதற்கு ரத்தக் கொதிப்பு.
ஏழாவது பூரண ஆரோக்கியம்,
அதில்தான் எல்லோரும் எதையாவது கண்டுபிடிக்கிறார்கள்.

இவை இமைப்பதில்லை.
வெளிச்சம் கூசி முகம் திருப்புவதில்லை.
போதும் டாக்டர் என்பதில்லை.
தலையில் விளக்கு கட்டி, விரலிடுக்கில் வில்லை பிடித்துக்
குனிகிற பிள்ளைகளுக்கு
முதல் வாரம் முழுக்கத் தெரிவது
அவரவர் விளக்கு.

விளிம்பில் எழுத்து எழுதச் சொன்னாள் ஹெதர்.
வாசித்தால், பார்த்தார்கள் என்று பொருள்.
ஆங்கிலத்தில் எழுதினேன்.
பாதி தெரிந்ததும் மீதியை ஊகித்தார்கள்.
தெரிந்த எழுத்தென்றால்
கண்ணுக்கு முன் நாக்கு போய்விடுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, யாரையும் கேட்காமல்,
ஒன்பதாம் எண்ணில், வலது கண், பதினொரு மணித் திசையில்
ஒரு ப எழுதினேன்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை. மூன்று கோடு.
ழ-வுக்கு என் தூரிகை தடிமன்.

வில்லைக்குள் எல்லாம் தலைகீழ்.
மேல் கீழாகும், இடம் வலமாகும்.
அதற்கு அவர்களிடம் ஒரு தந்திரம் உண்டு:
தாளையும் தலைகீழாக வைத்துக்கொள்வது,
கண்டதைக் கண்டபடி வரைவது,
பிறகு தாளைத் திருப்பிவிடுவது.

மரிசெல் டுமாலோ, முதலாண்டு,
நாற்பது நிமிடம் குனிந்தே நின்றாள்.
உள்ளே சிவப்புப் பென்சில், கரைக்கு நீலம்.
கழுத்தைத் தேய்த்தபடி நிமிர்ந்து
"லாடக் கிழிசல், பதினொரு மணி" என்றாள்.
"இன்றே லேசர்."

தாளைத் திருப்பினாள்.
அதில் என் ப,
நான் எழுதியதைவிடத் திருத்தமாக.

ஹெதர் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
விழித்திரை கிழிந்தால் அப்படித்தான் கிழியுமாம்,
மேலே திறந்து, கீழே மூடி.
படப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள்.
பக்கத்துக்குப் பக்கம் ப.
எழுத்தென்று நினைத்து
நோய் எழுதியிருக்கிறேன்.

மார்ச்சில் தாம்ப்சனிலிருந்து ஒருவர் வந்தார், லாரி ஓட்டுபவர்.
மூன்று நாளாய்க் கண்ணோரம் மின்னுகிறதாம்,
வெறும் பனியில் கொசு பறக்கிறதாம்.
அவர் இமைத்தார். இமைத்துக்கொண்டே இருந்தார்.
படுத்திருந்ததால் கண்ணீர் காதுக்குள் போனது.
மேலே பாருங்கள் என்றால்
கூரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.
பார்வை போய்விடுமா என்று கேட்டார்,
எங்கள் பன்னிரண்டில் ஒன்றுகூடக் கேட்டதில்லை அதை.

நான் அங்கே இல்லை.
மாலையில் கீழிறங்கி வந்து அவள் சொன்னது இது.

"உங்கள் எழுத்து" என்று தாளை நீட்டினாள்.
பதினொரு மணி இல்லை, ஒரு மணி.
சற்றுச் சாய்ந்திருந்தது,
ஓடும் வண்டியில் எழுதியது போல.
லேசர் புள்ளிகளை அதைச் சுற்றி இரண்டு வரிசை
அவளே வைத்தாளாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க.

அதற்குப் பெயர் என்ன என்றாள்.
சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள்.
என் வாயை உற்றுப் பார்த்தாள்,
உதடு இரண்டும் ஒட்டிப் பிரியும் இடத்தை.
"இமைக்கிறதே இது" என்றாள்.

அவள் போனபின் ஒன்பதைக் கையில் எடுத்தேன்.
அழிப்பதா, விடுவதா.
மூடியை மாற்றினேன். ஏழு மில்லிமீட்டர் துளை போய்
மூன்று மில்லிமீட்டர்.
அடுத்து வருகிறவர்கள் கொஞ்சம் சிரமப்படட்டும்.

பேருந்துக்கு எட்டு நிமிடம்.
கையுறையில் ஒன்றைக் காணோம்.